பொம்மை ரெயில் சங்கம்

குழந்தைகள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக் கொண்டு, "குப், குப்" என்று தெருவில் ரெயில் விட்டுக் கொண்டு போவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். முன்னால் போகிறவன் எஞ்சின். கடைசியில் வருகிறவன் கார்டு. திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டிதான் ஸ்டேஷன். ஆறு வயதில் இந்த ரெயிலில் ஏறாதவர்கள் நம்மில் அநேகமாக இல்லை. பத்து வயதுக்குள் எல்லோரும் இறங்கியும் விடுகிறோம்.

ஆனால் இறங்க மறுத்தவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள். மீசை முளைத்து, அது நரைத்து, பேரன் பேத்தி எடுத்த பிறகுங்கூட வாரம் ஒரு நாள் ஓரிடத்தில் கூடிச் சின்னஞ்சிறு ரெயில்களை ஓட்டி மகிழ்கிறவர்கள் இவர்கள். லண்டன் நகரில் 1910-ஆம் வருஷத்திலேயே இதற்கென்று ஒரு சங்கம் ஏற்பட்டது. கிங்ஸ் கிராஸ் ரெயில்வே ஸ்டேஷனுக்கு அருகே சொந்தக் கட்டடத்துடன் அது இன்றும் நடந்து வருகிறது. அதைப் போன்ற சங்கங்கள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஊருக்கு ஊர் உண்டு.

"வேலை இல்லாதவர்களுக்கு ஒரு வேலை!" என்று நேயர்கள் சிரிக்கலாம். நானும் அப்படிச் சிரித்தவன்தான். இருபது வருஷ காலமாகப் பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயராக இருக்கும் எனக்கு, விளையாட்டு ஒரு பக்கம், படிப்பு ஒரு பக்கம் என்று பிரித்து வைப்பது பழகிப் போன விஷயம். அப்படிப்பட்ட என் சிரிப்பை நிறுத்தியது அமெரிக்காவில் உள்ள ஒரு பொம்மை ரெயில் சங்கத்தின் கதை. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

மரக் கட்டடத்தில் ஒரு ரெயில்வே

மாஸாசூஸெட்ஸ் மாகாணத்தில், கேம்பிரிட்ஜ் என்னும் ஊரில், எம்.ஐ.டி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் பிரசித்தி பெற்ற தொழில் நுட்பக் கலாசாலை இருக்கிறது. இரண்டாவது உலக யுத்தத்தின்போது, 1943-ஆம் வருஷம், ராடார் ஆராய்ச்சிக்காக அங்கே அவசரம் அவசரமாக ஒரு மரக் கட்டடம் எழுப்பினார்கள். அதற்குப் பெயர்கூட வைக்கவில்லை. இருபதாம் நம்பர் கட்டடம் என்றே அழைத்தார்கள். யுத்தம் முடிந்ததும் இடித்து விடலாம் என்ற எண்ணத்துடன் கட்டப்பட்ட அந்தக் கட்டடம், ஐம்பத்தைந்து வருஷம் இடிபடாமல் நின்றது வேறு கதை. அதன் மாடி அறை ஒன்றில்தான், 1946-இல் தோன்றிய மாணாக்கர்களின் பொம்மை ரெயில் சங்கம் குடியேறிற்று.

அறை முழுவதும் பெரியதொரு மேடை. அதன் மேல் மலைகள், மரங்கள், வீதிகள், ஆலைகள், ஸ்டேஷன்கள். அவற்றினூடே வளைந்து வளைந்து போகும் தண்டவாளங்கள். எல்லாம் நிஜத்தில் எண்பத்தேழில் ஒரு பங்கு அளவு. இந்தக் கணக்கை ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். ஐந்தரை அடி உயரமுள்ள மனிதன் இங்கே முக்கால் அங்குல உயரந்தான் இருப்பான். ஒரு மைல் தூரம் சுமார் அறுபத்தோரு அடியாகச் சுருங்கி விடும். மணிக்கு அறுபது மைல் வேகத்தில் போகும் எக்ஸ்பிரஸ் வண்டி, இந்த மேடையில் வினாடிக்கு ஓர் அடி வீதம் போனால் போதும். அதற்கு மேல் விரட்டினால் அது ரெயில் அல்ல, பம்பரம்! இவ்வளவு நுட்பமாகக் கணக்குப் பார்த்துத்தான் இவர்கள் விளையாடுகிறார்கள்.

வாரா வாரம் என்ன வேலை?

இத்தகைய சங்கங்களில் வாரந்தோறும் நடக்கும் காரியங்கள் இரண்டு வகை. ஒன்று, கட்டுகிற வேலை. மற்றொன்று, ஓட்டுகிற வேலை. ஓட்டுவதைவிடக் கட்டுவதிலேயே அதிக நாள் கழிகிறது என்பதைக் கேட்டால் நேயர்கள் ஆச்சரியப்படலாம்.

ஒருவர் கம்பி வலையை வளைத்து, அதன் மேல் சுண்ணச் சாந்து பூசி மலை செய்கிறார். இன்னொருவர் காய்ந்த செடிக் கொத்துகளுக்குச் சாயம் ஏற்றித் தோப்பு நடுகிறார். வேறொருவர் துணியைக் கையில் வைத்துக் கொண்டு தண்டவாளத்தைத் துடைத்துக் கொண்டே போகிறார். இந்தக் கடைசி வேலைதான் மிகவும் அலுப்பானது. ஆயினும் மிகவும் அவசியமானது. எஞ்சினுக்கு மின்சாரம் தண்டவாளத்தின் வழியாகவே வருகிறது. அதில் கொஞ்சம் அழுக்குப் படிந்தாலும் வண்டி நடுவழியில் நின்று விடும்.

ஓட்டுகிற நாளிலோ காட்சியே வேறு. கால அட்டவணை வைத்துக் கொண்டு, ஒருவர் உத்தரவு கொடுக்க, மற்றவர்கள் ஆளுக்கு ஒரு வண்டியை நடத்துகிறார்கள். சரக்கு வண்டி ஒதுங்கி நின்று பாசஞ்சருக்கு வழி விட வேண்டும்; பாசஞ்சர் நின்று மெயிலுக்கு வழி விட வேண்டும். அறுபத்தோரு அடிக்கு ஒரு மைல் என்றால் ஊருக்கு ஊர் தூரம் அதிகம் இராதல்லவா? அதற்காகப் பல சங்கங்களில் கடிகாரத்தையே வேகமாக ஓட விடுகிறார்கள். ஒரு மணி நேரம் ஐந்து அல்லது பத்து நிமிஷத்தில் ஓடி விடும். நாள் முழுதும் நடக்கும் போக்குவரத்து ஒரு மாலைக்குள் முடிந்து விடும்.

எம்.ஐ.டி. சங்கத்தில் இதற்கு ஒரு வேடிக்கையான ஏற்பாடு இருந்தது. அறையின் பல இடங்களில் ஆபத்து ஸ்விச்சுகள் வைத்திருந்தார்கள். வண்டி எதிலாவது மோதப் போகிறது என்று கண்டால், யார் வேண்டுமானாலும் அதைத் தட்டலாம். தட்டியவுடனே வண்டிகள் எல்லாம் நின்று விடும். கடிகாரமும் நின்று, மணி காட்ட வேண்டிய இடத்தில் எஃப், ஓ, ஓ என்ற மூன்று எழுத்துக்கள் தோன்றும். "ஃபூ!" என்று கடிகாரமே பரிகசிப்பது போலிருக்கும்.

மேசைக்கு மேலும் கீழும்

இந்தச் சங்கத்தில் இரண்டு கட்சிகள் இருந்தன. சண்டைக் கட்சிகள் அல்ல, ருசிக் கட்சிகள். ஒரு கட்சியார் மேசைக்கு மேலே பார்த்தார்கள். எந்த வருஷத்து எஞ்சின், அதற்கு எந்த வர்ணம், எந்தப் பாலத்துக்கு எத்தனை வளைவு என்பவையே அவர்களுக்கு உயிர். மற்றொரு கட்சியார் மேசைக்குக் கீழே பார்த்தார்கள். சிக்னலும் மின்சாரமும் அவர்கள் பொறுப்பு. மேலே ஓடுவது ரெயிலோ குதிரையோ, அதைப்பற்றி அவர்களுக்கு அவ்வளவு கவலை இல்லை. அது எப்படி ஓடுகிறது என்பதுதான் அவர்களுக்கு முக்கியம்.

கீழே அப்படி என்ன இருந்தது? சற்றுப் பொறுமையாகக் கேளுங்கள். கடையில் வாங்கும் பொம்மை ரெயிலில் தண்டவாளம் முழுவதிலும் ஒரே மின்சாரம். அதில் இரண்டு எஞ்சின்களை வைத்தால் இரண்டும் ஒன்றாகவே ஓடும், ஒன்றாகவே நிற்கும். ஒன்றை நிறுத்தி மற்றொன்றை ஓட்ட வேண்டுமானால், தண்டவாளத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியே மின்சாரம் கொடுக்க வேண்டும். அத்துடன் தீர்ந்ததா? வண்டி ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்குப் போகும்போது, அதை ஓட்டுகிறவரின் கைப்பிடியும் கூடவே அந்தத் துண்டுக்குப் போக வேண்டும். ஐந்து பேர் ஐந்து வண்டிகளை ஓட்டினால், யாருடைய கைப்பிடி எந்த நிமிஷத்தில் எந்தத் துண்டுடன் சேர வேண்டும்?

இதே பிரச்னையை வேறோர் இடத்தில் ஏற்கனவே தீர்த்து வைத்திருந்தார்கள். ஊரில் உள்ள எந்த டெலிபோனையும் வேறு எந்த டெலிபோனுடனும் சேர்த்து வைக்கும் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுதான் அது! மேசைக்குக் கீழே இருந்த இளைஞர்கள் அதை உணர்ந்தார்கள். டெலிபோன் கம்பெனியிடமிருந்து நன்கொடையாகக் கிடைத்த ரிலேக்களையும், எண் சுழற்றும் வட்டுக்களையும் கொண்டு பொம்மை ரெயிலுக்கு ஓர் எக்ஸ்சேஞ்சே நிர்மாணித்து விட்டார்கள். டெலிபோனில் எண்ணைச் சுழற்றுவது போலச் சுழற்றினால், மேசைக்குக் கீழே 'டிக், டிக்' என்று ரிலேக்கள் சப்திக்கும். மேலே வண்டி புறப்படும்.

ரிலே என்பது சாமானியமான கருவிதான். மின்சாரம் வந்தால் மூடிக் கொள்ளும். இல்லாவிட்டால் திறந்து கொள்ளும். 'ஆம்', 'இல்லை' என்ற இரண்டு வார்த்தைகளைத் தவிர அதற்கு வேறொன்றும் தெரியாது. ஆனால் அந்த இரண்டு வார்த்தைகளைக் கொண்டே தர்க்க சாஸ்திரம் முழுவதையும் நடத்தலாம் என்று, 1937-ஆம் வருஷம் அதே எம்.ஐ.டி.யில் மாணாக்கராக இருந்த கிளாட் ஷானன் ஒரு கட்டுரையில் நிரூபித்தார். இன்றைய கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் அஸ்திவாரம் அந்தக் கட்டுரை. பொம்மை ரெயிலுக்காக ராத்திரி வெகு நேரம் மல்லாந்து படுத்துக் கம்பி முடிந்த இளைஞர்கள், தாங்கள் அறியாமலே அந்த அஸ்திவாரத்தின் மேல் படுத்திருந்தார்கள்!

நாற்பது மணி நேரம்

இந்தச் சங்கத்தில் எனக்கு மிகவும் பிடித்த விதி ஒன்று உண்டு. புதிதாகச் சேர்ந்தவனுக்கு அறையின் சாவியை உடனே கொடுப்பதில்லை. அவன் எந்த வகுப்பில் எத்தனை மார்க்கு வாங்கினான் என்று கேட்பதும் இல்லை. ரெயில்வேயில் நாற்பது மணி நேரம் வேலை செய்திருக்க வேண்டும், அவ்வளவுதான். வாரத்துக்கு நாலு மணி நேரம் வந்தால் பத்து வாரம். பிறகு சாவி அவனுக்கு. எந்த நேரமும் வரலாம், போகலாம்.

ஆலன் கோடக், பீட்டர் ஸாம்ஸன், பாப் ஸாண்டர்ஸ் முதலிய இளைஞர்கள் 1958-ஐ ஒட்டி இப்படி வந்து சேர்ந்தவர்கள். அப்போது கலாசாலையில் ஒரு பெரிய கம்ப்யூட்டர் இருந்தது. ஆனால் அதன் அருகே மாணாக்கர்கள் போக முடியாது. துளையிட்ட அட்டைகளை வெளியே நின்று கொடுத்து விட்டுப் பலனுக்குக் காத்திருக்க வேண்டும். கர்ப்பக்கிருகத்துக்கு வெளியே நின்று அர்ச்சனைத் தட்டை நீட்டுவது போலத்தான்.

1958-இல் டி.எக்ஸ்.-0 என்ற வேறொரு கம்ப்யூட்டர் வந்தது. டிரான்ஸிஸ்டர்களைக் கொண்டு செய்யப்பட்ட ஆரம்ப காலத்துக் கம்ப்யூட்டர்களில் அது ஒன்று. அதன் முன்னால் நாமே உட்காரலாம். நாமே விசையை அழுத்தலாம். தவறு நேர்ந்தால் அங்கேயே திருத்தலாம். பழைய சங்க அங்கத்தினரும் பிறகு ஆசிரியருமான ஜாக் டென்னிஸ், ரெயில் சங்கத்து இளைஞர்களை அந்த யந்திரத்தினிடம் அழைத்துச் சென்றார். அவர்கள் யந்திரத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. பகலில் மற்றவர்கள் உபயோகித்தால், இவர்கள் நள்ளிரவில் வந்தார்கள். ராத்திரி மூன்று மணிக்கு ஒதுக்கப்பட்டவர் வராவிட்டால், அந்த நேரத்துக்காகக் காத்திருக்க ஓர் இளைஞன் தயாராக இருந்தான்.

1961-இல் பி.டி.பி.-1 என்னும் கம்ப்யூட்டர் வந்தது. அதற்குத் திரை இருந்தது. ஸ்டீவ் ரஸ்ஸல் என்ற சங்க அங்கத்தினர், நண்பர்களின் உதவியுடன், 1962-இல் அந்தத் திரையில் 'ஸ்பேஸ்வார்' என்னும் விளையாட்டை உண்டாக்கினார். இரண்டு ஆகாயக் கப்பல்கள் ஒன்றையொன்று சுட்டு வீழ்த்தும் விளையாட்டு அது. பின்னணியில் உண்மையான வானத்து நட்சத்திரங்களைக் கணக்குப்படி அமைத்துக் கொடுத்தவர் ஸாம்ஸன். யந்திரத்தின் முகப்பிலிருந்த ஸ்விச்சுகளைத் தட்டித் தட்டி ஆடியவர்களுக்கு முழங்கை வலி கண்டது. கோடக்கும் ஸாண்டர்ஸும் நேரே ரெயில் சங்கத்து அறைக்குப் போனார்கள். அங்கே கிடந்த மரத் துண்டு, கம்பி, ஸ்விச்சு இவற்றைப் பொறுக்கிக் கைக்கு அடக்கமாக இரண்டு பெட்டிகள் செய்து வந்தார்கள். இன்று வீட்டுக்கு வீடு குழந்தைகள் கையில் வைத்துக் கொண்டு கம்ப்யூட்டர் விளையாட்டு ஆடுகிறார்களே, அந்தக் கைப்பெட்டிகளின் மூதாதைகளில் இவையும் சேர்ந்தவை.

ஒரு சொல்லின் கதி

'ஹேக்கர்' என்ற சொல்லைக் கேட்டதும் இப்போது நமக்கு என்ன தோன்றுகிறது? பாங்கிக் கணக்கில் கன்னம் வைக்கும் கள்ளன் நினைவுக்கு வருகிறான். அந்தச் சொல்லைக் கம்ப்யூட்டர் உலகத்துக்குக் கொண்டு போனவர்கள் இந்தப் பொம்மை ரெயில் சங்கத்தார்தான். 1955-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் நடந்த அவர்களுடைய கூட்டக் குறிப்பில் அந்தச் சொல் காணப்படுகிறது. என்ன சந்தர்ப்பம் தெரியுமா? மின்சார அமைப்பில் வேலை செய்பவர்களும் 'ஹேக்' செய்பவர்களும் ப்யூஸ் போகாதபடி முதலில் மின்சாரத்தை நிறுத்தி விட வேண்டும் என்ற வேண்டுகோள்! 1959-இல் ஸாம்ஸன் தொகுத்த சங்கத்துப் பரிபாஷை அகராதியிலும் அச்சொல் ஏறி விட்டது.

பிரயோஜனம் கருதாமல், செய்கிற இன்பத்துக்காகவே சாமர்த்தியமாகச் செய்து முடிக்கும் காரியம் எதுவோ, அதற்கு அவர்கள் இட்ட பெயர் அது. அப்படிச் செய்கிறவன் ஹேக்கர். பிற்காலத்தில் அந்தப் பெயர் திருடர்களுக்குப் போய்ச் சேர்ந்ததில் சங்கத்தாருக்கு மிகுந்த மனஸ்தாபம்.

இந்த இளைஞர்களின் சரித்திரத்தை ஸ்டீவன் லெவி என்ற பத்திரிகையாசிரியர் 1984-இல் வெளியிட்ட நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். அதில் பாராட்டு மட்டும் இல்லை. யந்திர மோகத்தில் வகுப்பை மறந்து படிப்பில் தவறியவர்கள் உண்டு. வேண்டிய சாமானை ராத்திரியில் கேளாமல் எடுத்து வந்ததும் உண்டு. அந்த வட்டத்தில் பெண்கள் அநேகமாக இல்லவே இல்லை. உபாத்தியாயர் என்ற முறையில் இவற்றை நான் மறைக்க விரும்பவில்லை.

இருபதாம் நம்பர் கட்டடத்தை 1998-இல் இடித்தார்கள். பழைய மேடையில் சில பகுதிகளைத் தவிர மற்றவற்றைக் காப்பாற்ற முடியவில்லை. சங்கம் மனம் தளராமல் வேறு கட்டடத்தில் புதிய ரெயில்வே கட்டத் தொடங்கிற்று. ரிலேக்கள் இருந்த இடத்தில் சிறு சிறு கம்ப்யூட்டர்ச் சில்லுகள் வந்தன. எந்த யந்திரத்துக்குத் தாதியாக அந்த மேசை இருந்ததோ, அந்த யந்திரமே பிறகு மேசைக்குக் கீழே வந்து வேலை செய்தது.

என் அலமாரியில் ஒரு பெட்டி

இதையெல்லாம் நான் ஏன் எழுத வந்தேன் என்றால், என் அலமாரியில் ஒரு காகித அட்டைப் பெட்டி இருக்கிறது. சில வருஷங்களுக்கு முன் எட்டாவது வகுப்பில் படித்த ஒரு பெண்ணுடையது. ஒரு நாள் நான் சரித்திரப் பாடம் நடத்திக் கொண்டிருந்தபோது, அவள் மேசைக்குக் கீழே குனிந்து ஏதோ செய்து கொண்டிருந்தாள். போய்ப் பார்த்தேன். தீப்பெட்டிகளை இணைத்து ஒரு ரெயில், டார்ச் விளக்கின் சிறு பல்பு ஒன்று, ஒரு பாட்டரி, பழைய ரேடியோவிலிருந்து எடுத்த மெல்லிய கம்பி. தகர மூடியை வெட்டி ஒரு ஸ்விச்சுங்கூடச் செய்திருந்தாள். வண்டி ஓரிடத்தைத் தாண்டியதும் பல்பு எரிய வேண்டும் என்பது அவள் ஏற்பாடு. அப்போது அது எரியவில்லை.

"ஏனம்மா, பரீட்சைக்கு இன்னும் பதினைந்து நாள்கூட இல்லை. இதுவா உனக்கு இப்போது முக்கியம்?" என்றேன்.

"கைகாட்டி ஸார்..." என்று மட்டும் சொன்னாள்.

பெட்டியை வாங்கி வைத்துக் கொண்டேன். மறுநாள் அவளுடைய தகப்பனாரை அழைத்து, "பெண்ணுக்குக் கவனம் சிதறுகிறது" என்று எச்சரிக்கையும் செய்தேன். பரீட்சை முடிந்ததும் திருப்பிக் கொடுப்பதாகத்தான் எண்ணம். அந்தக் கோடை விடுமுறையில் தகப்பனாருக்கு வேறு ஊருக்கு மாற்றலாகி விட்டது. பெட்டி என்னிடமே தங்கி விட்டது.

அவள் எம்.ஐ.டி.க்குப் போயிருப்பாள் என்று நான் சொல்ல வரவில்லை. தீப்பெட்டியைக் கோத்தவர்கள் எல்லோரும் யந்திர நிபுணர்களாகி விடுவதும் இல்லை. ஆனால் அந்தப் பல்பு ஏன் எரியவில்லை என்று அவளும் நானும் பத்து நிமிஷம் உட்கார்ந்து பார்த்திருக்கலாம் அல்லவா? சரித்திரப் பாடம் ஓடியா போயிருக்கும்? நான் கேட்காமல் விட்ட அந்தக் கேள்விதான் என்னை உறுத்துகிறது.

சென்ற வருஷம் முதல் எங்கள் பள்ளிக்கூடத்து விஞ்ஞானச் சாமான் அறையைச் சனிக்கிழமை தோறும் பிற்பகலில் இரண்டு மணி நேரம் திறந்து வைக்கிறேன். தலைமை உபாத்தியாயர் முதலில் தயங்கினார். பிறகு, "உடைந்தால் நீங்கள் பொறுப்பு" என்று சம்மதித்தார். மார்க்குக் கிடையாது, பரிசும் கிடையாது. பழைய கடிகாரம், அறுந்த மின்சார விசிறி, பேசாத ரேடியோ என்று பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டு வருகிறார்கள். பிள்ளைகளைக் காட்டிலும் பெண் குழந்தைகள் இரண்டு பேர் அதிகம் வருகிறார்கள் என்பதில் எனக்குத் திருப்தி. அமெரிக்கச் சங்கத்து விதியை நானும் கடன் வாங்கிக் கொண்டேன்: நாற்பது மணி நேரம் வேலை செய்தவருக்கு அறைச் சாவி. இதுவரையில் மூன்று பேர் பெற்றிருக்கிறார்கள். அவர்களில் ஒருவன் கணக்கில் தேறாதவன்.

போன மாதம் அந்த அட்டைப் பெட்டியை அவர்களிடம் காட்டினேன். அரை மணி நேரத்தில் குற்றத்தைக் கண்டுபிடித்து விட்டார்கள். கம்பியின் முனையில் பூசியிருந்த மெழுகைச் சுரண்டாமல் விட்டதுதான் காரணம். சுரண்டிச் சேர்த்தவுடன், தீப்பெட்டி ரெயில் தாண்டியதும் பல்பு எரிந்தது. அவள் போட்ட கணக்கில் பிழை இல்லை.

பெற்றோர்களுக்கு என் வேண்டுகோள் இவ்வளவுதான். உங்கள் குழந்தை மேசைக்குக் கீழே உட்கார்ந்து எதையாவது பிரித்துப் போட்டுக் கொண்டிருந்தால், அதட்டுவதற்கு முன் ஒரு தடவை குனிந்து பாருங்கள். "என்ன செய்கிறாய்?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை சற்றுக் காத்திருங்கள்.

பெட்டியை மறுபடியும் அலமாரியில் வைத்திருக்கிறேன். உரியவள் எந்த ஊரில் இருந்தாலும் வந்து வாங்கிக் கொள்ளலாம். இப்போது பல்பு எரிகிறது.